பூபாலன் சொன்ன 'போ'

தன் காலை ஒருவர் மிதித்துவிட்டார் என்பது அவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் புனிதாவுக்குத் தெரிந்தது. "சாரிம்மா, பாக்கல" என்றார் அந்தக் கனத்த மனிதர், பஸ் கம்பியில் தொங்கிக்கொண்டே. கறுப்பு ஷூ, நல்ல கெட்டி அடி. குனிந்து பார்த்தாள். செருப்பின் வாரில் சேறு ஒட்டியிருந்தது, பாதத்தில் ஒன்றுமே இல்லை, வலிக்கவும் இல்லை. வலிக்காவிட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று எவரும் கேட்பார்கள். புனிதாவுக்கோ அதுதான் பயம். வலி இல்லையென்றால் கால் இல்லை. கால் இல்லையென்றால் இந்தப் பஸ்ஸும் இந்தக் கூட்டமும் இந்த வேர்வை நாற்றமும், கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகப்போகின்றன. காலை எட்டேகாலிலிருந்தே உள்ளங்காலுக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம் விழுந்திருந்தது. எட்டேகாலுக்குத்தான் பூபாலன் அவளைப் பார்த்து "போ" என்று சொன்னான். கட்டிய கணவன் கோபத்தில் சொன்ன ஒற்றை எழுத்து. வேறொரு பெண்ணாக இருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு, மத்தியானத் தயிர்சாதத்தோடு அதை விழுங்கியிருப்பாள். இவளால் முடியாது. இவள் ஆம்பலேரிக் கரையில் இருக்கும் ஏழு கன்னிமாரில் ஏழாவது கன்னி, இவர்களுக்குச் சொல் என்பது சொன்னதோடு நிற்காது, நடந்துவிடும்.

பஸ் மார்க்கெட் நிறுத்தத்தைத் தாண்டாமல் உறுமிக்கொண்டு நின்றது. ஆடிப் பதினெட்டு, தெரு முழுக்கக் காதோலையும் கருகமணியும் மஞ்சளும் விற்றுக்கொண்டிருந்தார்கள், அதை வாங்க வந்த வண்டிகள் பாதி ரோட்டை அடைத்திருந்தன. மணி ஐந்தேகால். விளக்கு வைப்பதற்கு முன்னால் ஏரிக்கரை நிறுத்தத்தில் அவள் இறங்கியாக வேண்டும். இறங்குவதில் சிக்கல் இல்லை, சிக்கல் அதற்கப்புறம். ஏரிக்கரைக்கு அடுத்து ரைஸ் மில், அதற்கடுத்து ஈ.பி. ஆபீஸ், ஈ.பி. ஆபீஸில் இறங்கி இடதுபக்கம் திரும்பினால் மாடி போர்ஷன், சின்ன சமையலறை, தண்ணி லாரி ஓட்டிக் களைத்து வந்து கைலியோடு உட்கார்ந்திருக்கும் பூபாலன். இரண்டே நிறுத்தம். நடந்தாலே பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத் தூரத்தை இன்றைக்குக் கடக்க முடியுமா, இல்லை இன்னும் ஆயிரம் வருஷம் மரத்தடியில் செங்கல்லாக உட்கார்ந்து அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இதைத்தான் அவள் செருப்புக் கடையில் காலையிலிருந்து பெட்டி பெட்டியாகத் திறந்து மூடிக்கொண்டே யோசித்தாள், எட்டாம் நம்பர் கேட்டவருக்கு ஆறாம் நம்பரை எடுத்து நீட்டினாள், முதலாளியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்து இப்போது இங்கே தொங்கிக்கொண்டிருக்கிறாள். யோசனை மட்டும் பஸ்ஸைப் போலவே ஓர் அங்குலம் நகர்ந்து மறுபடி நின்றது.

எல்லாம் வாய்த்துடுக்கால் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஆடியில், இலுப்பை மரத்தடியை விட்டு அவள் கிளம்பிய அன்று பேசாமல் கிளம்பியிருக்கலாம். அவள் குலத்தில் போகிறவர்கள் போவார்கள், விடைபெறுகிற வழக்கமே கிடையாது, யாரும் எங்கேயும் போனதும் கிடையாது. ஆனால் கரையில் துணி துவைக்கிற பெண்கள், பொங்கல் வைத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள், எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அந்த வாக்கியம் அவளுக்கு எப்போதும் பிடித்திருந்தது. போகும்போது போகிறேன் என்று சொல்லாத ஜனங்கள். அந்த நாகரிகத்தை ஒரு தடவை தன் வாயில் போட்டுப் பார்க்கும் ஆசையில், ஆறு அக்காமாரையும் பார்த்து, "போயிட்டு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டாள். மூத்தவள் சிரிக்கவில்லை. "வரேன்னு சொல்லிட்ட" என்றாள். "மூணாவது ஆடி, விளக்கு வெக்கறதுக்கு முன்னால." அவ்வளவுதான், முடிச்சு விழுந்துவிட்டது. வந்து உட்கார்ந்த பிறகு மறுபடி எழுந்து போக வேண்டுமானால் அதற்கும் ஒரு வழி இருந்தது. அவள் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாளோ அந்த வீட்டு வாய் அன்றைக்கு அவளை "வா" என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்டு வாங்கின "வா" செல்லாது, ஜாடை காட்டி வாங்கினதும் செல்லாது. பூபாலனிடம் விஷயத்தைச் சொன்னாலே அது கேட்டதாகிவிடும். சொல்லவும் இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் மூன்று வருஷத்தில் ஒரு நாள் தப்பாமல், காய்ச்சலில் கிடந்த நாளில்கூடப் போர்வைக்குள்ளிருந்து, "பாத்துப் போயிட்டு வா" என்று சொல்லித்தான் அவளை அனுப்பியிருக்கிறான். வேறு எதை நம்பாவிட்டாலும் அதை நம்பினாள். அந்த மனிதன் சொல்லாமல் விட்ட ஒரே நாள் இந்த நாளாகவா இருக்க வேண்டும்?

"மகளிர் சீட்டு வாங்கிக்கங்க, வாங்கிக்கங்க" என்று கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவள் கையில் சீட்டு ஈரமானது; கை வேர்க்கவில்லை, தண்ணீர் அவளைத் தேடி வருகிறது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் வாட்டர் பாட்டிலிலும் தண்ணீர் இவள் பக்கமாகச் சாய்ந்து நின்றது. இதெல்லாம் நின்றுபோய் எத்தனை மாதம் ஆயிற்று. முதன்முதலில் ரிஜிஸ்டர் ஆபீஸில் பேனாவைப் பிடித்தபோது மை கரைந்து காகிதம் முழுக்கப் பரவி, கிளார்க் பூபாலனைத் திட்டினார். அன்றைக்குப் பெயர் கேட்டார்கள். ஏழாமவள் என்று சொன்னால் எழுத மாட்டார்கள் என்று தெரிந்து ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்க்கடை போர்டில் 'ஒரே நாளில் பிளவுஸ்' என்றுதான் முதல் வரி. நல்லவேளை, அடுத்த வரியையும் படித்தாள். புனிதா டெய்லர்ஸ். அப்படித்தான் புனிதா ஆனாள். கன்னி கல்யாணம் கட்டிக்கொண்டாளா என்று இரண்டாவது அக்கா காற்றில் ஏளனம் பண்ணி அனுப்பியது அந்த ராத்திரியே மாடி ஜன்னலில் வந்து மோதியது. மோதட்டும். ஆறு பேரும் ஆயிரம் வருஷம் ஒரே மரத்தடியில் உட்கார்ந்தவர்கள், ஒருத்தியாவது எழுந்து ஒரு தெருவைத் தாண்டியிருக்கிறாளா? இவள் தாண்டினாள். சிக்னலில் பச்சை விழக் காத்திருந்து தாண்டினாள். அதை நினைக்கும்போது இப்போதும் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

ஏன் எழுந்தாள் என்று யாராவது கேட்டால், கால் சுடுகிறதா என்று ஒருவன் கேட்டதற்காக எழுந்தாள். சித்திரை வெயிலில் கரைக் கிணற்றில் லாரிக்குத் தண்ணீர் நிரப்ப வந்தவன். மற்ற டிரைவர்கள் ஹோஸைப் போட்டுவிட்டு பீடி பற்ற வைப்பார்கள். இவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றுக்குள் பார்த்து, "எடுத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மோட்டாரைப் போடுவான். யாரிடம் சொல்கிறான் என்று பார்க்கத்தான் அவள் கண்ணுக்குத் தெரியும்படி நின்றாள். அவன் பயப்படவும் இல்லை, கும்பிடவும் இல்லை. "வெறுங்காலோட நிக்கிறியே, சுடல?" என்றான். எத்தனை நூறு வருஷமாக எத்தனை பேர் அவள் முன்னால் நின்று மழை கேட்டிருப்பார்கள், மாப்பிள்ளை கேட்டிருப்பார்கள், பிள்ளை கேட்டிருப்பார்கள். அவள் கால் சுடுகிறதா என்று எவரும் கேட்டதில்லை. "சுடாது" என்றாள், கொஞ்சம் திமிராகவே. அவன் தன் ரப்பர் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு லாரியில் ஏறிப் போய்விட்டான், போகும்போது ஒரு துள்ளு துள்ளிக்கொண்டுதான் ஏறினான், தார்ச்சூடு. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் கரை முழுக்க நடந்தாள். இரண்டு சைஸ் பெரியது. காலும் செருப்பும் ஒட்டவே இல்லை, நடுவில் அந்த ஒரு விரல்கடை. ஒட்டினால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. "பழைய தியேட்டர், பழைய தியேட்டர் எறங்கு" என்று கண்டக்டர் கத்தினார். தியேட்டர் இல்லை, இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள், இந்த ஊரில் எதையும் இடித்தால் அதன் பெயரை பஸ் நிறுத்தத்துக்கு வைத்துவிடுவார்கள். ஏரிக்கரையிலும் ஏரி முக்கால்வாசி இல்லை. மிச்சம் ஒரு குட்டை, ஒரு பம்ப் ரூம், அந்த இலுப்பை மரம், கீழே ஆறு செங்கல், ஏழாவது இருந்த இடத்தில் பள்ளம். நாளைக்கு அந்தப் பள்ளத்தில் தானா? செருப்புக் கடையில் சேர்ந்த புதிதில் மற்றப் பெண்கள் கேலி பண்ணுவார்கள், ஒரு வருஷமாக ஒரே செருப்பு, அடி புதுசு போலவே இருக்கிறதே, நீ நடக்கறியா பறக்கறியா என்று. சிரித்து மழுப்பினாள். பிறகு ஒரு நாள், போன தை மாசம், கடை வாசலில் கழற்றிப் போட்டபோது பார்த்தாள்: வலது குதிகாலில், வெளிப்புறமாக, ரப்பர் ஒரு நூல் தேய்ந்திருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய் பூபாலனிடம் காட்டினாள். கிரீடம் சூட்டிக்கொண்டு வந்தவள் மாதிரி காட்டினாள். அவனும் கிண்டல் பண்ணவில்லை, விரலால் தடவிப் பார்த்து, "தேஞ்சிருக்கு புனிதா" என்றான், கண்ணில் தண்ணீர் நின்றது. இவ்வளவுக்கும் அவளுக்கு முன்னால் ஆட்டுக்கிடா வெட்டி ஊரே விழுந்து கும்பிட்டிருக்கிறது. அப்போதெல்லாம் அவளுக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. நடந்து சம்பாதித்த தேய்மானம் அல்லவா அது?

அப்படிப்பட்டவளைத்தான் இன்று காலை பாவம் என்றான். அவனுடைய அக்கா செல்வராணி ஃபோனில், ஆடிப்பெருக்குக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். "ஏண்டா, பதினெட்டாம் பெருக்குக்கு உம்பொண்டாட்டி அம்மா ஊட்டுக்குப் போவ மாட்டாளா?" என்று அவள் கேட்டது ஸ்பீக்கரில் சமையலறை முழுக்கக் கேட்டது. பூபாலன் அடுப்பைத் தணித்துக்கொண்டே, "அவளுக்கு யாருக்கா இருக்கா? பாவம்" என்றான். கையிலிருந்த டப்பாவை அவள் மேடையில் வைத்த சத்தத்தில் அவனே திரும்பிப் பார்த்தான். ஃபோனை வைத்ததும் ஆரம்பித்தாள். "யாரு பாவம்?" "அட, வேற இன்னா சொல்லச் சொல்ற? எம்பொண்டாட்டி ஏரியிலேருந்து எந்திரிச்சி வந்தாள்னு சொல்லட்டா?" நியாயம்தான். அது நியாயம் என்று அப்போதே தெரிந்தது, தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. அதற்கப்புறம் அவள் சொன்னது சொல்லியிருக்கக் கூடாதது. "உங்க அக்கா புள்ள வேணும்னு மடியேந்தி நின்னாளே, யாரு முன்னால நின்னா? நான் பாவமா, அவ பாவமா?" செல்வராணிக்குப் பிள்ளை நிற்கவே இல்லை. பூபாலனின் முகம் சட்டென்று சாம்பல் பூத்தது. சத்தம்கூடப் போடவில்லை. "அவ்ளோ பெரிய ஆளுன்னா இங்க எதுக்கு இருக்க? போ. உங்க ஏரிக்கே போ" என்றான். அந்த நிமிஷமே தரை காலை விட்டது. அப்புறமும் அவள் வாசலில் நின்றாள். செருப்பை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வாரைத் திருப்பினாள், நிமிர்ந்தாள், குடையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவன் அடுப்பைப் பார்த்து நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது, பனியனில் அந்தச் சின்ன ஓட்டை. "வா" வரவில்லை. படியிறங்கினாள்.

போ. பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி, ஒரு ஆட்டோ, மஞ்சள் பூசிய முகங்களோடு நான்கைந்து பெண்கள், எல்லாம் நகர்ந்தன, அந்த எழுத்து நகரவில்லை. போ என்பதில் எத்தனை போ இருக்கிறது என்று அவள் இந்த மூன்று வருஷத்தில் கற்றிருக்கிறாள். அட போப்பா என்றால் நம்பவில்லை. போனா போகுது என்றால் மன்னித்தாயிற்று. போ போ, ரொம்பத்தான் என்றால் கொஞ்சம் பெருமை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், உன் காது அழகாக இருக்கிறது என்று அவனிடம் சொன்னபோது கூச்சத்தில் நெளிந்து, "அய்யே, போ" என்றான். இவள் எழுந்து போய்விட்டாள். நிஜமாகவே. கதவு வரைக்கும் போனவளை ஓடிவந்து கையைப் பிடித்து, "போன்னா போயிடுவியா? உள்ள வா" என்று இழுத்தான், எழும்பியிருந்த கால் அப்படியே தரையில் வந்து பதிந்தது. வரேன் என்ற சொல்லோ இன்னும் மோசம். "வரேன்" என்று சொல்லிவிட்டு அவன் லாரிக்குக் கிளம்பிய முதல் நாள், வருகிறேன் என்றானே, வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சாயங்காலம் வரை நின்றாள். போவதற்கு வரேன் என்று பெயர் வைத்த ஜனங்கள், கோபத்தில் வாவென்று சொல்ல முடியாமல் போவென்று சொல்வார்களோ? காலைப் போவில் ஏதாவது ஓர் ஓரத்தில் வா ஒட்டியிருக்குமா? அந்தக் குரலை மறுபடி மறுபடி உள்ளே ஓட்டிப் பார்த்தாள். ஏரிக்கே போ. ஏரிக்கே என்ற அந்த அழுத்தம். இல்லை, அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. கெஞ்சலாமா? ஃபோனை எடுத்து, என்னங்க, ஒரு தடவை வான்னு சொல்லுங்க என்று கேட்டால் அவன் நூறு தடவை சொல்வான். ஒன்றுகூடச் செல்லாது. அப்படியே செல்லும் என்றாலும் அவள் கேட்க மாட்டாள். நாத்தனார் மூன்று வருஷமாகச் சொல்லியும் புருஷனை வாங்க போங்க என்று கூப்பிடாதவள், நீ, வா, போ என்றே பேசுகிறவள், இன்றைக்கு உயிருக்குப் பயந்து ஒரு 'ங்க'வைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாளா? அவன் காதலித்தது அந்தத் திமிரையும் சேர்த்துத்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனால் போகிறது வேறு யாரோ.

ஃபோன் அடித்தது. கைப்பைக்குள், டப்பாவுக்கு அடியில். எடுத்துப் பார்த்தாள், பூபாலன். உடனே காலையில் பார்த்த அந்த முதுகு ஞாபகம் வந்தது. பாவமாம். அடிக்கட்டும். கட்டைவிரல் பச்சை வட்டத்தின் மேலேயே நின்றது, அழுத்தவில்லை. ஒரு அடி, இரண்டு அடி. அடுத்த அடியில் எடுக்கலாம், கொஞ்சம் காக்க வைத்துவிட்டு எடுக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. முட்டாள். ஏழாவது பிறந்த முட்டாள். திரும்பக் கூப்பிட்டால் கேட்டதாகிவிடும், அவனாகத்தான் கூப்பிட வேண்டும், அவன் ஒரு தடவைக்கு மேல் யாரையும் கூப்பிடுகிறவன் கிடையாது. தண்ணி வேணும்னா அவங்களே கூப்புடுவாங்க என்பான். ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைத் தேடினாள். மங்கலாகத் தெரிந்தது, அதன் வழியே வெளியே ஓடும் கடைகள் தெரிந்தன. மிதித்த மனிதர் தன் பையை மறு தோளுக்கு மாற்றினார், பை அவள் கைக்குள் புகுந்து போனதை அவர் கவனிக்கவில்லை. பக்கத்தில் அம்மா தோளில் கிடந்த குழந்தை மட்டும் அவள் காலடியையே பார்த்து விரலை நீட்டியது. "இன்னாடா பாக்கற? அக்கா செருப்பா?" என்று கேட்டாள் அந்த அம்மா. செருப்பு இப்போது தரையிலும் அவள் அதற்கு மேலேயுமாக இருந்தாள். பயமாக இருந்தது, ஒளிப்பானேன். செங்கல்லாக இருப்பதற்குப் பயமில்லை, அது அவளுக்குப் பழகினதுதான். செங்கல்லான பிறகும் அவனை ஞாபகம் இருக்குமே, அதற்குப் பயம்.

"தண்ணி டேங்க், தண்ணி டேங்க். அடுத்தது ஏரிக்கரை." டேங்க் நிறுத்தத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. வெயில் சாய்ந்து பஸ்ஸுக்குள் நீளமாக விழுந்தது. அவள் கையில் ஃபோனை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது அடித்தபோது அடித்ததென்றே நம்பவில்லை. இந்தத் தடவை காக்க வைக்கவில்லை. "ம்" என்றாள். "இன்னா, ஃபோன எடுக்க மாட்டன்ற?" என்றான் பூபாலன். "கூட்டம்." "ம்." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. அவனும் சீக்கிரம் வந்திருக்கிறான் போல. "சாப்ட்டியா மத்தியானம்?" "சாப்ட்டேன்." சாப்பிடவில்லை, டப்பா அப்படியே இருக்கிறது. சொல்லு, சொல்லித் தொலை, எத்தனை வாக்கியத்தில் அந்த எழுத்து வருகிறது, ஏதாவது ஒன்றைச் சொல்லு என்று உள்ளே ஒருத்தி அலறினாள், வெளியே இருந்தவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "பஸ்ஸு எங்க வருது?" "டேங்க்." "ஓ." அவன் தொண்டையைச் செருமினான். "சரி, வெச்சிடவா?" வெச்சிடவா. அதில் ஒரு வா இருந்தது, அவள் மனசு தாவிப்போய் அதைப் பிடித்தது, கால் அசையவில்லை. அது அவளைக் கூப்பிடும் வா இல்லை, சும்மா வாலில் தொங்குகிற வா. "ம்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஏய், இரு இரு" என்றான் அவன். "வர்றப்போ ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வா. ரசம் வெக்கறேன். உனக்குப் புடிச்ச மாதிரி, பூண்டு தட்டிப் போட்டு." சொல்லிவிட்டு, அவள் என்ன சொல்வாளோ என்று பயந்தவன் போல உடனே வைத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதன். மூன்று வருஷத்தில் எந்தச் சண்டைக்கும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சண்டை முடிந்தது என்பதற்கு எதையாவது வாங்கி வரச் சொல்வான், பச்சைமிளகாய், தீப்பெட்டி, ஒரு தடவை எதுவும் தோன்றாமல் ஊதுபத்தி. பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. மிதித்த மனிதர் தடுமாறி மறுபடி அதே காலை, அதே ஷூவால், மொத்த பாரத்தோடும் மிதித்தார். உயிர் போகிற வலி சுண்டுவிரலிலிருந்து முழங்கால் வரைக்கும் ஏறியது. "அய்யோ!" என்று கத்திவிட்டாள். "ஐயோ சாரிம்மா, ரெண்டாவது வாட்டி" என்று அவர் பதறினார். "பரவால்லைங்க, பரவால்லை" என்றாள் புனிதா, கண்ணில் நீர் தளும்பச் சிரித்துக்கொண்டே. விரல் சிவந்திருந்தது. பஸ்ஸின் தகரத் தரை செருப்பு வழியாக விறுவிறுவென்று காலுக்குள் அதிர்ந்தது. மிதித்தவரே பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

ஏரிக்கரையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கீரைக்காரம்மாவிடம் போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினாள், வேரோடு, மண்ணோடு. கரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மரத்தடியில் ஆறு பேரும் வரிசையாக, யார் கண்ணுக்கும் தெரியாமல், நெற்றியில் புது மஞ்சளோடு உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. "வந்துட்டியா, உக்காரு" என்றாள் மூத்தவள். புனிதா செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அந்தக் குளிர்ச்சி முதுகில் ஏறியது, பழைய வீட்டின் குளிர்ச்சி. பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது. ஒரு சின்னப் பெண் வந்து மஞ்சள் தண்ணீரை ஏழு இடத்திலும் ஊற்றி, ஏழாவது இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டு, கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டு போனாள். இரண்டாவது அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி, கையை நீட்டி இவளுடைய முந்தானையை இழுத்துச் சரி செய்தாள். யாருமில்லாதவளாம். பூபாலன் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தாள் புனிதா. கொஞ்ச நேரம் ஆறு பேர் நடுவே அப்படியே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

"எங்க எழுந்திரிக்கற?" என்றாள் மூத்தவள். "அந்த வீட்டு வாய் வான்னு சொல்லிச்சா?" புனிதா கொத்தமல்லிக் கட்டை நீட்டினாள். "வாங்கிட்டு வான்னு சொல்லிச்சு." மூத்தவள் கட்டை மேலும் கீழும் பார்த்தாள். "அது சாமான் வாங்கறதுக்குச் சொன்னது. வான்னு மட்டுமா சொன்னான்?" மற்ற ஐந்து பேரும் கட்டை எட்டிப் பார்த்தார்கள். புனிதா நிமிர்ந்து நின்றாள். இலுப்பை மரத்தடியில் எந்தக் காலத்திலும் எவளும் அப்படி நின்றதில்லை. "வாங்கிட்டேன்க்கா" என்றாள். "வாங்கறது முடிஞ்சுது. மிச்சம் இருக்கறது வா மட்டுந்தான்." மூத்தவள் அவளையே பார்த்தாள். பிறகு அவளுடைய சிவந்த சுண்டுவிரலைப் பார்த்தாள், பிறகு ஓரமாகக் கிடந்த செருப்பின் குதிகாலை ரொம்ப நேரம் பார்த்தாள். "வலிக்குதா?" என்றாள். "ரொம்ப" என்றாள் புனிதா. அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த மிடுக்கைக் கேட்டு மூன்றாவது அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டாள். இப்போது போறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், முடிச்சு அறுந்துவிடும், எந்த ஆடியும் இனி அவளைக் கூப்பிடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். போன தடவை தெரியாமல் சொன்னதை இந்தத் தடவை தெரிந்தே சொன்னாள். "போயிட்டு வரேன்க்கா." ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவளுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை, உதட்டை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, "பாத்து" என்றாள், கொஞ்சம் விட்டு, "போயிட்டு வா" என்றாள். ஈ.பி. ஆபீஸ் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். புனிதா வேண்டாமென்று கையைக் காட்டினாள். இரண்டு நிறுத்தம்தானே, செருப்பு தேயட்டும் என்று, கொத்தமல்லிக் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்தே போனாள்.